ரோஸ் சீட்டும் அட்டிகையும்

"வலிக்கலையே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, பதினேழு பேர். உட்கார்ந்து எண்ணினேன்.

நம் செட்டின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டது நான்தான். ராஜபாளையத்தில் நாம் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை பல் பரிசோதனை, பழைய மாணவிகளும் வரலாம், வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று போட்டேன். அதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். "எனக்கு ஒரு வலியும் இல்லப்பா." "வலிக்காத பல்லை எதுக்குக் காட்டணும்?" "போனா எதையாவது பிடுங்கிருவாக." கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வேறு. ஐம்பதைத் தாண்டிவிட்டோம். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கிறோம், பிரஷருக்கு மாத்திரை முழுங்குகிறோம், வருஷா வருஷம் மூக்குக் கண்ணாடியை மாற்றுகிறோம். வாயை மட்டும் ஒருவரிடமும் காட்ட மாட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டேன். அதில் பதில் தட்டினால் சண்டைதான் மிஞ்சும் என்பதால் இதை எழுதுகிறேன். இதிலும் சண்டைதான் போடப் போகிறேன், ஆனால் முழுசாக.

என் அக்காவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. முகம் மறந்திருக்கலாம். அவள் குலவையை மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் தெருவில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். பச்சைப் பயிர் வளர்ந்த சட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகக் கிளம்புவார்கள். கோயில் வாசலில் ஒருத்தி குலவையை எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்த எடுத்துக் கொடுக்கிற இடம் எல்லாருக்கும் கிடைக்காது. அவள் எட்டாம் வகுப்பில் இருந்த வருஷம், எடுத்துக் கொடுத்த பெண்ணுக்குப் பாதியில் இருமல் வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து என் அக்கா அதை அப்படியே வாங்கி மேலே கொண்டுபோனாள். பதின்மூன்று வயது. கொட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அடுத்த வருசம் நீதான்ட்டி எடுத்துக் குடுக்கணும்" என்று கோயில் பூசாரியே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல் பக்கத்தில் நின்று பழகுவாள். சாயங்காலம் மில் சங்கு ஊதும்போது அதோடு போட்டி போடுவாள். சங்கு நின்ற பிறகும் இவள் குலவை நிற்காது. நான் எதிரே நின்று அவள் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பேன். நாக்கு அத்தனை வேகமாக எப்படி ஆடுகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஆசை. அப்படிப் பார்த்தபோதுதான் இடது பக்கம் கீழே கடைவாய்ப் பல்லில் எள் அளவு கறுப்பைப் பார்த்தேன். வெற்றிலை பாக்கு போட்டாயா என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

தைப் பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் பல் பரிசோதனை நடந்தது. பிரேயர் ஹாலில் இரண்டு நாற்காலி, ஒரு வாளியில் வெந்நீர், டெட்டால் வாசனை. வெளியூரிலிருந்து வந்த இளம் டாக்டரம்மா கையில், நீண்ட காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி. வரிசையில் நின்று "ஆ" காட்டினோம். சிரிப்பை அடக்க முடியாமல் டாக்டரம்மாவின் விரலைக் கடித்து வைத்தவள் இன்று அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி. பேரைச் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

பல் நன்றாக இருந்தால் வெள்ளைச் சீட்டு. சொத்தை இருந்தால் ரோஸ் சீட்டு. எனக்கு வெள்ளை கிடைத்தது. அக்காவுக்கு ரோஸ். அவளுக்கு மட்டும் கலர் சீட்டா என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அவள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே, டாக்டரம்மா சொன்னதை அப்படியே அபிநயம் பிடித்துக் காட்டினாள்.

"இப்ப சின்னதாத்தான் இருக்கு. இப்பவே வந்தா அடைச்சிரலாம், அரை மணி நேர வேலை. வலி வரட்டும்னு காத்திருக்காத. ஆறு மாசத்துக்கு ஒருதடவை காட்டணும், என்ன?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்காவா?" என்று கேட்டு நாங்கள் இரண்டு பேரும் தெரு முக்கு வரை சிரித்தோம். வலிக்காத பல்லைக் கொண்டுபோய்க் காட்டுவதைப் போன்ற வேடிக்கையை நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

சீட்டின் அடியில் 'பெற்றோர் கையொப்பத்துடன் திருப்பித் தரவும்' என்று அச்சடித்திருந்தது. வைத்தியம் பார்த்தீர்களா என்று கேட்க அதில் இடமே கிடையாது.

எங்கள் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தினமும் பஸ்ஸில் போய் வருவார். கிராமத்து ஆட்கள் சில சமயம் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அவர்களிடம் அவர் சொல்லுகிற முதல் வார்த்தை, "படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதிய" என்பதுதான். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் சொத்து கைமாறும் என்பார். அந்த மனிதர் அன்று சாயங்காலம் காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"என்னட்டி இது?"

"பல் டாக்டர் வந்தாங்கப்பா. கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றாள் அக்கா.

"எங்க போடணும்?"

"கீழ."

இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆபீஸ் பழக்கத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

"அவளுக்குச் சொத்தைன்னு போட்டிருக்குப்பா" என்றேன் நான். ரோஸ் சீட்டு கிடைக்காத கோபம் எனக்கு.

அப்பா அக்காவைப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்லப்பா."

"வலிக்கலைல்ல? பொறவு என்ன?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பல்லுல கை வச்சா கண்ணு மங்கிப் போயிரும். பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசுலயே பல்லப் பிடுங்கிட்டு வந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?"

பிடுங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடைக்க வேண்டும் என்றுதான் டாக்டரம்மா சொன்னாள். எங்கள் வீட்டில் அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார், பெரிய பல் படம் போட்ட போர்டு வைத்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா? வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. மறுநாள் காலையில் சீட்டுகளை டீச்சரிடம் கொடுத்தோம். எல்லார் கையெழுத்தும் வந்துவிட்டது என்று டீச்சர் சந்தோஷமாகக் கட்டுப் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். டாக்டரம்மா தன் வேலையைச் செய்தாள், பள்ளிக்கூடம் தன் வேலையைச் செய்தது, அப்பா தன் வேலையைச் செய்தார். பல்லும் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

சனிக்கிழமை தோறும் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வருவார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி நூல் கட்டியிருக்கும். சூடு ஆறாமல் இருந்தால் காகிதம் நெய் கசிந்து கண்ணாடியாகத் தெரியும். சாப்பிட்டு முடித்த பிறகு அதைத் தின்றுவிட்டு அப்படியே படுத்துவிடுவோம். வாய் கொப்பளிப்பது என்பதெல்லாம் காலையில் மட்டும் செய்கிற காரியம். தை கடைசியில் ஒரு சனிக்கிழமை அக்கா தன் பங்கைக் கடித்தவள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்புறம் அதை என் கையில் வைத்தாள்.

"நீ தின்னு."

"ஏன்க்கா?"

"இனிப்புப் பட்டா சுருக்குங்குது. அம்மாட்டச் சொல்லாத. சொன்னா ஆஸ்பத்திரி அது இதுன்னு முளைப்பாரிக்கு விட மாட்டாக. வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பால்கோவாவுக்கு மட்டும் திறந்தேன். மூன்று சனிக்கிழமை அவள் பங்கையும் சேர்த்துத் தின்றேன். அம்மாவையும் அப்பாவையும் திட்டுவதற்கு முன்னால் நான் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு யாராவது பால்கோவா கொண்டுவந்து நீட்டினால் எனக்குக் குமட்டும். உங்களில் சிலர் அதற்காக என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள்.

அக்கா தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். எங்கள் எதிர் வீட்டு அம்மா தெலுங்குக்காரர். வீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டுகிற வேலை அவருக்கு. முற்றம் முழுக்க வெள்ளைச் சுருளாகக் கிடக்கும். அக்கா அங்கே போய் வெட்டு விழுந்த துணியை வாங்கி வந்து, கிராம்புத் தைலத்தில் நனைத்துப் பல்லுக்குள் அடைத்துக்கொள்வாள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாமோ துணி அனுப்புகிற தெருவில், பத்து நிமிஷ நடையில் இருந்த டாக்டரிடம் போகாமல் அவள் இதைச் செய்தாள்.

மாசி பாதியில் ஒரு நாள் காலையில் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "வலி சுத்தமா நின்னுருச்சுட்டி!" என்றாள். பச்சைத் தண்ணீர் குடித்துக் காட்டினாள். பால்கோவாவையும் அந்தச் சனிக்கிழமை அவளே தின்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரமே இடது தாடை வீங்கிவிட்டது.

அந்தக் கோடையில் தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வற்றிவிடும் என்று நம் ஊரில் அதற்கு ஒரே வைத்தியம். அம்மனுடைய சீக்கு என்பதால் ஊசி கூடாது, டாக்டர் கூடாது. ஏழு நாளில் அது தானாக வற்றிவிடும், பெயர் தங்கத்துக்குப் போகும். அப்படித் தோற்காத மருந்து உலகத்தில் வேறு இல்லை. அம்மா அக்காவின் கன்னத்தைப் பார்த்தாள், வேப்பிலையைப் பறித்து வாசலில் செருகினாள். அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஒருவரும் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அக்காள். எங்கள் குடும்பத்திலேயே நகை அதிகம் உள்ளவள். மடியில் முடிந்து வைத்திருந்த ரெட்டை வடச் சங்கிலியை எடுத்து, தெரு பார்க்க அக்கா கழுத்தில் போட்டாள்.

"எம் மருமகளுக்கு இல்லாத பொன்னா? மூணு நாள்ல இறங்கலைன்னா என்னன்னு கேளு" என்றாள்.

மூன்றாம் நாள் வீக்கம் இறங்கிவிட்டது. அத்தை பஸ் ஏறுகிறவரை தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னாள். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பல் தேய்க்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "வாயெல்லாம் உப்பாக் கரிச்சுதுட்டி. ஒரே நாத்தம். துப்பிட்டேன், வீக்கம் இறங்கிருச்சு." உள்ளே இருந்த சீழ் உடைந்து வாயில் வடிந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. அத்தை சொன்னது சரி, தங்கம் சீக்கை வாய் வழியாகத் தள்ளிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

பங்குனியில் முளைப்பாரிக்கு விதை போட்டார்கள். அம்மா எங்கள் சட்டியை இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தாள். பயிர் விரல் நீளம் வளர்ந்த நேரத்தில் அக்காவுக்கு அதே பக்கம் மறுபடி வீங்கியது. இந்தத் தடவை கல் போல இறுகிக் கழுத்துக்கும் இறங்கியது. காய்ச்சல் அடித்தது. வாய் பாதிதான் திறந்தது.

எதிர் வீட்டு அம்மா கையில் துணிச் சுருளோடு அப்படியே வந்து பார்த்தார்.

"அம்மாயிக்கு, உங்க பிள்ளைக்கு, ஒரு பக்கந்தான வீங்கியிருக்கு? பொன்னுக்கு வீங்கி ஒருக்கா வந்தா மறுக்கா வராதும்மா. எங்கிட்டத் துணி வாங்கிட்டுப் போய்ப் பல்லுல வச்சா. இது பல்லுதான். கூட்டிட்டுப் போங்க."

அத்தை மறுபடியும் வந்திருந்தாள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பேண்டேஜ் சுத்துனா நீங்க டாக்டரா? போன தடவை சங்கிலி மட்டுந்தான போட்டேன், அதான் ஆத்தாளுக்குப் பத்தல. வீக்கத்துல பொன்னு ஒட்டிக் கெடக்கணும்" என்றாள்.

சங்கிலியோடு அட்டிகையும் வந்தது. கழுத்தை ஒட்டிப் பிடிக்கிற கல் வைத்த அட்டிகை. பின்னால் திருகு. வீங்கின கழுத்தில் அதை வைத்து இரண்டு பேர் பிடித்துத் திருகினார்கள். அக்கா "இறுக்குது" என்று சொல்லப் பார்த்தாள். பேச்சு குழறியது. "ஆத்தா பேசுதா" என்றாள் ஒருத்தி. இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, இவர்கள் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, அம்மன் சிலையாட்டம் இருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாலு நாள் அவள் கஞ்சித் தண்ணியைக் கடைவாய் ஓரமாக ஊற்றி உறிஞ்சினாள். பிறகு அதுவும் போகவில்லை. அப்பா காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது வாசலிலிருந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

முளைப்பாரி நாள் சாயங்காலம், வெயில் இறங்காத நேரம், கொட்டுச் சத்தம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது. வரிசை எங்கள் வாசலில் நின்றது. கூடியிருந்தவர்கள் என் அக்காவைத்தான் எதிர்பார்த்தார்கள். வீங்கின கழுத்தோடும் நகையோடும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறக்கப் பார்த்தாள். எச்சில் வழிந்தது. மூக்கிலிருந்து கீச்சென்று மூச்சுதான் வந்தது. மறுபடி முயன்றாள். குலவை வரவில்லை. கூட்டத்தில் வேறு யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தில் அவள் முகம் போன போக்கை நான் மட்டும் பார்த்தேன்.

"அவளுக்குப் பல்லு!" என்று கத்தினேன். "பல்லுதான்! ரோஸ் சீட்டுக் குடுத்தாகல்ல, அந்தப் பல்லு! அவ பால்கோவாகூடத் திங்கல!"

அப்பா என் கன்னத்தில் அறைந்தார். "ஆத்தா போற நேரத்துல என்ன பேச்சு பேசுற?"

எதிர் வீட்டு அம்மா வரிசையில் நின்றிருந்தார். தலையில் இருந்த முளைப்பாரியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுப் படியேறி வந்தார். முளைப்பாரியைப் பாதி வழியில் இறக்கக் கூடாது. அவர் இறக்கினார். அக்காவின் உதட்டைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது.

"சாகக் குடுக்கப் போறியளா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அவர் அப்பாவிடம் நேருக்கு நேர் பேசி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவருடைய தம்பி ஒரு மில் முதலாளிக்கு அம்பாசடர் ஓட்டினார். பொங்கலுக்கு வந்தவர் வண்டியைத் தெரு முக்கில் நிறுத்தியிருந்தார். அதில்தான் ஏற்றினோம். அக்கா என் கையை விடாததால் என்னையும் உள்ளே போட்டார்கள். ராஜபாளையத்தில் பார்த்த டாக்டர், இங்கே நிற்க வேண்டாம், மதுரைக்கு ஓடுங்கள் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தாண்டும்போது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அக்காவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த நகைய எல்லாம் கழட்டுங்க" என்பது. சங்கிலி வந்துவிட்டது. அட்டிகை வரவில்லை. கழுத்துச் சதை அதை முழுங்கிக்கொண்டிருந்தது, திருகு உள்ளே மாட்டிக்கொண்டது. நர்ஸ் இழுத்துப் பார்த்தார். அக்காவுக்குக் கண் சொருகியது. டிரைவர் வண்டிக்கு ஓடிப்போய்க் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்தார். இரண்டு இடத்தில் நறுக்கினார்கள். கற்கள் தரையில் தெறித்தன. அத்தை "ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். டாக்டர் வெளியே வந்து, "எத்தனை நாளா பல்வலி?" என்று கேட்டார்.

"வலியே இல்லீங்களே" என்றாள் அம்மா.

"நரம்பு செத்துப் போச்சும்மா. செத்தது எப்படி வலிக்கும்? இதுக்கு முன்னாடி யாருமே பாத்துச் சொல்லலையா?"

அப்பா சுவரைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு நாள் வார்டில் கிடந்தாள். உயிர் தப்பியது. வீட்டுக்கு வந்தபோது தாடைக்குக் கீழே ஒரு தழும்பும், ஒரு விரல் அகலம் மட்டும் திறக்கிற வாயும் இருந்தன. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகி, தினமும் ஒன்று கூட்டி, வாயைப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் செய்தார்கள். அவள் வலியில் துடித்தாள். "பாவம், பிள்ளைக்கு வலிக்குது" என்று அம்மா குச்சிகளை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். வலிக்காதபோது எதற்கு என்றார்கள், வலித்தபோது பாவம் என்றார்கள். வாய் அப்படியே நின்றுவிட்டது. முழுப் பரீட்சையும் போய், அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பும் போனது.

அத்தை சாகிற வரைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம் பொன்னு கழுத்துல கெடந்ததுனாலதான் உசுரு நின்னுச்சு." ஒரு தடவைகூட நான் எழுந்து நின்று மறுத்துப் பேசவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். அந்த வளர்ப்பின் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

அப்பா அதன்பிறகு பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் காலமானார். காரியம் முடிந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியை நானும் அக்காவும் திறந்தோம். வீட்டுப் பத்திரத்தோடு, நாலாக மடித்த ரோஸ் சீட்டு இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். எப்போது போனார், அந்த டீச்சரிடம் என்ன சொல்லிக் கேட்டார் என்று தெரியவில்லை. 'இடது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. உடனே கவனிக்கவும்.' அதன் கீழே 'பார்த்தேன்', தேதி, கையெழுத்து. மடிப்புகள் நைந்து போயிருந்தன. பல தடவை பிரித்திருக்கிறார்.

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்பா கையெழுத்து எம்புட்டு அழகு பாத்தியாட்டி" என்றாள், தன் வழக்கப்படி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிழித்துப் போடு என்று கத்தினேன். அவள் மறுபடி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். நாம் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நம் வாயும் சேர்ந்து திறக்கும் இல்லையா? அவள் வாய் அந்த ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். அப்பளத்தைச் சின்னச் சின்னதாக நொறுக்கித் தின்பாள். கல்யாண வீட்டில் இலையை மூலையில் போடச் சொல்லுவாள். மகள் கழுத்தில் தாலி ஏறியபோது குலவை போடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். போடத் தெரிந்த ஒருத்தியும் அந்த மண்டபத்தில் இல்லை, அவளைத் தவிர. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். நாதஸ்வரம் ஊதி எப்படியோ சமாளித்தார்கள்.

நான் இருபத்தைந்து வருஷமாக ஆறு மாசத்துக்கு ஒருதடவை பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன். க்ளினிக்கில் நோட்டு வைத்திருக்கிற பெண் ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "எங்கம்மா வலிக்குது?" எங்கேயும் இல்லை என்பேன். "பொறவு எதுக்கு வந்தீக?" என்று கேட்டுவிட்டு, நம்ப முடியாமல் நோட்டில் ஒரு கோடு போடுவாள். இரண்டு தடவை எள் அளவு சொத்தையைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். அரை மணி நேர வேலை. டாக்டரம்மா அன்று சொன்ன அதே அரை மணி நேரம்தான். ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலியிலிருந்து எழும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை. இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனையை ஏற்பாடு செய்வது நானில்லை. அக்கா. பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்து, டாக்டர்களைப் பிடித்து, கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். இது தன் ஏற்பாடு என்று உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டேன். இனிமேல் அவள் சொல்லி நான் வாயை மூடப் போவதில்லை.

காலை ஒன்பது மணிக்கு அதே பிரேயர் ஹால் வாசலில், பெயர் எழுதுகிற மேஜையில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் வாருங்கள். வராதவர்களும் அந்த வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போங்கள். வலிக்கலையே என்று எனக்கு எழுத வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள். அவள் கையை எடுத்துவிட்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாயைத் திறந்து, உங்களுக்குப் பதில் சொல்லுவாள்.